விழுங்கப்பட்ட சொல்

லத்தீன் அகராதி அலுவலகத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, எதிரே இருப்பவர் பழைய சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது வழக்கம். கண்ணாடிக்காரர் வாசிப்பார், அவள் சரிபார்ப்பாள். அன்று காலை அவர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவினார். அகரவரிசையோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் போய் இந்த விளையாட்டா?

"நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்களே?"

"அத நான் பாத்துக்கறேம்மா. நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க."

அகராதியின் தலைமை ஆசிரியர் தன் அறை வாசலில் நின்று கூரையைப் பார்த்தார். எல்லாரும் சேர்ந்து பேசிவைத்த காரியம் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. கணவன் செத்தபோது இரண்டாவது பிள்ளை வயிற்றில், இப்போது நிறைமாதம். அன்றிலிருந்து ஆளாளுக்கு அவளைப் பரிதாபப்பட்டே கொல்கிறார்கள். வீட்டில் மாமியார் அவள் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம், "அப்பன் மொகம் பாக்காத புள்ள" என்று மூக்கைச் சிந்துவாள். பிறக்கும் முன்பே பிள்ளைக்கு அதுவே பெயராகிவிடுமோ என்றுதான் அவளுக்குப் பயம்.

தாளை வெடுக்கென்று பிடுங்கினாள். போஸ்டுமுஸ், பெயரடை. முதற்பொருள்: தந்தை இறந்தபின் பிறந்த.

அழுதாள். யாருக்கும் ஒளிக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய சான்றுகளைப் புரட்டினாள்.

"இது தப்பு சார்."

"விடும்மா, அப்புறம் பாக்கலாம்," என்றார் ஆசிரியர்.

"எதுக்கு விடணும்? லத்தீன்ல 'போஸ்ட்', அதாவது 'பின்'னுங்கற சொல்லோட உச்ச வடிவம் இது. எல்லாத்துக்கும் பின்னாடி வந்தது, அவ்வளவுதான். சாவெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது. 'ஹூமுஸ்', அதாவது பொதைக்கிற 'மண்'ணுங்கற சொல்லோட சேத்து முடிச்சுப் போட்டு, இல்லாத 'ஹ' எழுத்து ஒண்ணயும் நடுவுல சொருகிட்டாங்க."

ஆசிரியர் சான்றுகளைப் படித்தார். தலையாட்டினார்.

"மூணு பாலுக்கும் விகுதி இருக்கு," என்றாள். "பையனோ பொண்ணோ, எது பொறந்தாலும் கவலையில்ல."

கண்ணாடிக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டு வெலவெலத்துப் போனார். அவளும் சிரித்தபிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

"சரி, மொதப் பொருளுக்கு என்ன போடறது?" என்றார் ஆசிரியர்.

வீட்டில் மூத்த மகள் அவள் வயிற்றில் காதை வைத்து ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அதையே முதற்பொருளாக எழுதி, தாளை ஆசிரியரிடம் திருப்பித் தந்தாள்.

திருத்தியதை மறுபடி வாசித்தாக வேண்டும். கண்ணாடிக்காரர் தாளை வாங்கிக்கொண்டார்.

"போஸ்டுமுஸ், போஸ்டுமா, போஸ்டுமும். ஒன்று: கடைசியான, கடைக்குட்டியான. இரண்டு..."

தாளிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"படிங்க," என்றாள் அவள். "ரெண்டாவதும் உண்மைதானே."

அவர் படித்தார். அவள் சரி என்று குறி போட்டாள்.