மைனஸ் பதினொண்ணு

என் சகலை, அதாவது என் மனைவியோட அக்கா வீட்டுக்காரர், ஐஸ்கிரீம் கிடங்குல சூப்பர்வைசர். பதினாறு வருஷ சர்வீஸ். யார் வீட்டுக்குப் போனாலும் நேரா சமையலறைக்குள்ள நுழைஞ்சு, ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை விரலால அழுத்திப் பார்த்து, "லீக் ஆகுது"ன்னு தீர்ப்பு சொல்லிட்டுத்தான் உக்காருவார். எங்க ஃப்ரிட்ஜுக்கு இதுவரைக்கும் ஒன்பது தடவை தீர்ப்பு ஆகியிருக்கு. நான் அவருக்கு வெச்ச பேர் மைனஸ். நேர்ல கூப்பிட மாட்டேன், எனக்கும் வீட்டுல நிம்மதி வேணும் இல்லையா.

நான் எடை மேடையில வேலை பார்க்கிறேன். லாரி ஏறும், நம்பர் வரும், படிச்சு எழுதுவேன், லாரி இறங்கும். நாள் பூரா இதுதான். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத வேலை. அதனால வெளிய எவனாவது கோமாளித்தனம் பண்ணினா ஒண்ணு விடாம மனசுல சேர்த்து வெச்சுக்குவேன். மைனஸ் மாதிரி ஒரு சகலை கிடைச்சது என் அதிர்ஷ்டம்னுதான் நினைச்சிட்டிருந்தேன்.

ஏரிக்கரையில கூடாரம் போட்டு ரெண்டு நாள் தங்கலாம்னு ஆரம்பிச்சது அக்காதான். என் மனைவி உடனே சரின்னுட்டா. எனக்கே ஆச்சரியம். சர்க்கரை வந்து இன்சுலின் ஆரம்பிச்ச ரெண்டு வருஷத்துல அவ ஒரு ராத்திரி கூட வெளிய தங்கினதில்ல. பயம். வெயில் பட்டா மருந்து வீணாப் போயிடும், உறைஞ்சாலும் வீணாப் போயிடும்னு ஆஸ்பத்திரி நர்ஸ் படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தாங்க. எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுத்தான் சொன்னாங்க. நானும் நல்லா தலையாட்டினேன்.

இந்தத் தடவை அவ சும்மா கிளம்பல. தண்ணியில நனைச்சு வெச்சா தானே குளிர்ந்து இருக்கிற ஒரு துணிப்பை வாங்கினா. உள்ள ஒரு குட்டி தெர்மாமீட்டரைப் போட்டு, ஒரு வாரம் மொட்டைமாடி வெயில்ல நிழல் பார்த்து வெச்சு, மணிக்கொரு தடவை ஏறிப்போய்ப் பார்த்தா. ஏழாவது நாள் கீழ இறங்கி வந்து, "இது போதும். நான் போகலாம்"னா. அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு.

கிளம்புற அன்னிக்கு விடியக்காலையில மைனஸ் ஒரு நீல நிறப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தார். தூக்கினதுன்னா அவரும் நானும் சேர்ந்து. இடுப்பு போச்சு. உள்ள செய்தித்தாள்ல சுத்தின டிரை ஐஸ், சாதா ஐஸை விடப் பல மடங்கு குளிரானது, பாளம் பாளமா. மூடி மேல உள்குளிரைக் காட்டுற ஒரு டிஜிட்டல் மீட்டர். கிடங்குல வைக்கிற மாதிரி ஒரு அட்டை, ஒரு பேனா, கட்டம் போட்ட தாள். பெட்டி ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு தடவைதான் திறக்கப்படும், காலை எட்டு, மாலை ஆறு.

"தாகம் எடுத்தா?"ன்னு கேட்டேன்.

"ஆறு மணிக்கு எடுக்கட்டும், சகலை."

அப்பதான் அவர் கண்ணு என் மனைவி கையில இருந்த துணிப்பை மேல விழுந்துச்சு. என்னம்மா இதுன்னார். அவ சொன்னா. மனுஷன் நெஞ்சுல கை வெச்சுக்கிட்டார். "ஈரத்துணியா! பதினாறு வருஷம் குளிர்லயே குடித்தனம் பண்றவன் நான், என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மருந்தை ஈரத்துணியில சுத்துறியா? குடும்மா இப்படி."

"இல்ல அத்தான், இது என்கிட்டயே இருக்கட்டும். நான் சோதிச்சுப் பார்த்துட்டேன்."

"மொட்டைமாடியில சோதிச்சியா?" சிரிச்சார். அக்காவும் சிரிச்சாங்க. அவ என்னைப் பார்த்தா.

நான் என்ன சொல்லியிருக்கணும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா மணி அஞ்சே முக்கால், இடுப்பு வலி, இந்த ஆள் ஆரம்பிச்சா அரை மணி நேரம் பேசுவார். "குடுத்துடேன்மா. அவர் தொழிலே அதுதானே"ன்னேன். அவ பேனா மாதிரி இருக்கிற ரெண்டு இன்சுலின் ஊசியையும் எடுத்து மெதுவா அவர் கையில வெச்சா. அவர் அதை ஒரு டப்பாவுல போட்டு, பெட்டியில தயிருக்கும் முட்டைக்கும் நடுவுல வெச்சு மூடினார். தாள்ல எழுதவும் எழுதினார்: 'மருந்து, ரெண்டு.'

வழியில நடந்த கூத்தைக் கேளுங்க. டிரை ஐஸ் புகை அடைஞ்சா மூச்சு முட்டுமாம், அதனால ஏசி போடக் கூடாது, நாலு கண்ணாடியும் திறந்தே இருக்கணும். வெளிய அனல். தயிரு சொகுசா வருது, நாலு மனுஷங்க வெந்துட்டு வர்றோம். அக்கா தலைமுடி பறந்து பறந்து என் வாய்க்குள்ள போகுது. "பின்னாடி சத்தம் போடாதீங்க, பெட்டி அதிரும்"ங்கிறார். சத்தத்துக்கு எந்தப் பெட்டிய்யா அதிரும்? நான் வாயைப் பொத்திக்கிட்டு எல்லாத்தையும் சேகரம் பண்ணிட்டே வந்தேன்.

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரம் போட்டோம். குடிக்கத் தண்ணி இருந்துச்சு, கொதிக்கிற தண்ணி. பத்தடி தள்ளி மரத்தடியில பெட்டி நிறைய சோடா, மோர், தர்பூசணி. மைனஸ் அதுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு காவல் உக்காந்திருந்தார். பக்கத்துக் கூடாரத்துல ஒரு சாதாரண வாளியில ஐஸ் கொட்டி பாட்டிலைப் போட்டு எடுத்து எடுத்துக் குடிக்கிறாங்க. அதைப் பார்த்து இவர் உச்சுக் கொட்டுறார். "முறையே தெரியல. சாயங்காலம் வெந்நீர் குடிப்பாங்க பாருங்க."

ரெண்டு மணி வாக்குல அவர் குளிக்கப் போனார். "சகலை, மீட்டரைப் பார்த்து நம்பரை எழுதிடுங்க, உங்க தொழில்தானே"ன்னுட்டுப் போனார். போய்ப் பார்த்தேன்.

மைனஸ் பதினொண்ணு.

எனக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. மனுஷன் பதினாறு வருஷமா ஐஸ்கிரீமைத் தவிர வேற எதையும் குளிர வெச்சதில்ல. அவருக்குக் குளிர்னா மைனஸ் பதினெட்டுதான், அதைவிடக் குளிர் குறைஞ்சா அவமானம். சோடாவும் தயிரும் அவர் கையில கல்லாகப் போகுது, ஆறு மணிக்கு எல்லார் முன்னாடியும் திறக்கப் போறார். எங்க எடை மேடையில இந்தக் கதையை நான் பத்து வருஷம் சொல்லலாம். தாள்ல அழகா எழுதினேன். அவர் துண்டோட வந்ததும் படிச்சும் காட்டினேன், "மைனஸ் பதினொண்ணு, சகலை."

"பார்த்தீங்களா! இன்னும் இறங்கும்"னார். பூரிச்சுப் போயிட்டார்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவ வந்தா. "அத்தான் பெட்டியைத் திறக்க விடமாட்டேங்கிறார். நீங்க மீட்டரைப் பார்த்தீங்களாமே, எப்படி இருக்கு?"ன்னு கேட்டா.

"ஜில்லுனு இருக்கு"ன்னேன்.

"ரொம்ப ஜில்லுனு இல்லையே?"

"நீ சும்மா பயப்படாதே. போய்ப் படு."

மருந்தை மறந்துட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். சோடா ஞாபகம் இருந்துச்சு, முட்டை ஞாபகம் இருந்துச்சு. சிரிப்பு காட்சி கெட்டுடக் கூடாதுன்னு நாற்காலியைக் கூட நல்லாத் தெரியுற பக்கமா நகர்த்திப் போட்டேன்.

ஆறு மணி. மைனஸ் கையுறை மாட்டினார். மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை குபுகுபுன்னு வந்துச்சு. பக்கத்துக் கூடாரத்துக்காரங்க கூட எழுந்து வந்து பார்த்தாங்க. உள்ள கையை விட்டு முதல் சோடாவை எடுத்தார். பாதி பாட்டில்தான் வந்துச்சு, மீதி வெடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. முட்டை அத்தனையும் விரிசல் விட்டிருந்துச்சு. தக்காளி அவர் கையிலிருந்து நழுவி, டொக்குனு கல்லு மேல விழுந்து முழுசா உருண்டு போச்சு. தயிர்ல கரண்டியை விட்டார், கரண்டி வளைஞ்சிடுச்சு.

நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். போனை எடுத்து வீடியோ வேற. "சகலை, வெள்ளரிக்காயை எடுங்க, அதை ரம்பத்தால அறுப்போம்!" பக்கத்துக் கூடாரமும் சிரிச்சுது. மைனஸ் முகத்துல ஈயாடல.

அந்தச் சிரிப்புக்கு நடுவுல அவ குனிஞ்சு, துப்பட்டாவைக் கையில சுத்திக்கிட்டு, அந்த டப்பாவை எடுத்தா. திறந்தா. பேனாவை வெளிச்சத்துல பிடிச்சா. தண்ணி மாதிரி இருக்க வேண்டிய மருந்து வெள்ளையா உறைஞ்சு கிடந்துச்சு. பேனாவுக்குள்ள இருந்த கண்ணாடிக் குழாயில ஒரு கீறல். இன்னொண்ணும் அப்படியே.

என் போன் இன்னும் ஓடிட்டிருந்துச்சு. அதை எப்படி நிறுத்துறதுன்னே எனக்குத் தெரியல.

"ஐயோ, அவளுக்கு இப்ப ஊசி போடணுமே!"ன்னு அக்கா கத்தினாங்க.

மைனஸ் பதறி வந்தார். "ஒண்ணும் ஆகாதும்மா, அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் காட்டினா இளகிடும், இளகிட்டா பழையபடிதான்."

"உங்க கிடங்குல ஐஸ்கிரீம் உருகிப் போனா மறுபடி உறைய வெச்சு விப்பீங்களா, அத்தான்?" அவ குரல் உயரவே இல்ல.

மாட்டார். அப்படி ஒரு டப்பா வந்தாலும் லாரியோட திருப்பி அனுப்புற ஆள் அவர். நாற்காலியில பொத்துனு உக்காந்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. உறையக் கூடாதுன்னு யாரும் சொல்லல. எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லதுன்னு நினைச்சேன்." கண் கலங்கிடுச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, குத்தம் சொல்ற மாதிரி கூட இல்லாம, நிஜமாவே புரியாம கேட்டார்: "சகலை, மத்தியானம் நீங்கதானே மைனஸ் பதினொண்ணுன்னு படிச்சீங்க?"

அவ என்னைப் பார்த்தா. தாளை எடுத்துப் பார்த்தா. என் கையெழுத்து, திருத்தமா.

"அவருக்குத் தெரியாது"ன்னா. "உங்களுக்குத் தெரியும்."

நாள் பூரா வார்த்தையா சேர்த்து வெச்சிருந்தேன், ஒண்ணும் உதவல.

பக்கத்து டவுனுக்கு ஒண்ணரை மணி நேரம். அக்கா கூட வர்றேன்னாங்க, அவ வேண்டாம்னுட்டா. நான் ஓட்டினேன். அவ பின்சீட்டுல உக்காந்தா. சாப்பிடல, தண்ணி மட்டும் குடிச்சா. போற வழி பூரா மன்னிப்பை விதவிதமா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அதுல 'ஆனா'ன்னு ஒண்ணு வந்துச்சு.

மருந்துக்கடை திறந்திருந்துச்சு. கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், ரெண்டு பேனா எடுத்து வெச்சார், பழசு என்ன ஆச்சுன்னு கேட்டார். உறைஞ்சு போச்சுன்னு அவ சொன்னா. அவருக்குக் கோபமே வந்துடுச்சு. "என்னம்மா நீங்க, இதெல்லாம் விளையாட்டா? எப்படிப் பத்திரமா வெக்கணும்னு வீட்டுல இன்னொருத்தருக்கும் தெரியணும். நான் சொல்லித் தர்றேன். உங்க கூட யார் வந்திருக்காங்க?"

நான் அவளுக்கு ஒரு அடி தள்ளி, கார் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தேன்.

"யாரும் வரல. தனியாத்தான் வந்தேன்"னா.

கடைக்காரர் மருந்தைப் பையில போட்டுக் கொடுத்தார். அவ வாங்கிட்டு நகர்ந்தா. அடுத்த ஆளைக் கவனிக்கிற மாதிரி அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு என்ன சார் வேணும்?"