இறால் ஓடு கொட்டிய பாத்தி

1

இந்தக் கதை ஒரு நாற்றத்திலிருந்து வந்தது. இறால் ஓட்டின் நாற்றம். அதில் வளராதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கலாம்.

'மண்ணுக்குள் கோடானுகோடி வீரர்கள்…' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அவை பாக்டீரியா. வீரமெல்லாம் இல்லை, பசிதான்.

2

திருவொற்றியூர், 1953. குத்தகை நிலத்தில் சிவந்தி போட்ட கத்திரி வாடுகிறது. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. (உள்ளே நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். இந்தக் கதையில் என் மோசடி அது ஒன்றுதான்.) அடுத்த போகமும் இப்படிப் போனால் நிலத்தைக் கம்பெனிக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாக நிலக்காரர் சொல்லிவிட்டார். அப்புறம் அவள் துறைமுகத்தில் கரி சுமக்க வேண்டியதுதான்.

3

பக்கத்து வீட்டு தாஹிரா இறால் உரிப்பவள். போன மழைக்கு முன்னால், சும்மா கிடந்த கடைசிப் பாத்தியில் கூடை கூடையாக ஓட்டைக் கொட்டிவிட்டாள்.

"யக்கா, இது இன்னா குப்பமேடா? கலீஜ் பண்ணி வெச்சிகீற!"

"சும்மாதானமே கெடந்துச்சு. ஒன் கத்திரிக்காய்க்கு மூக்கா கீது?"

தாஹிராவைக் கெட்டவளாக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. மறுநாளே ஒரு கிண்ணம் இறால் குழம்பு கொடுத்தனுப்பினாள். சிவந்தி தொடாமல் திருப்பி அனுப்பினாள். பேச்சும் நின்றது. ஓட்டை அள்ள முடியாமல், கோபத்தோடு அங்கேயே கொத்திப் புதைத்துவிட்டு, மழைக்குப் பின் நாற்று நட்டாள்.

இப்போது அந்தப் பாத்தி மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கிறது.

4

(இங்கே பூதக்கண்ணாடியோடு ஓர் அதிகாரியை இறக்கினேன். 'அம்மா, இறால் ஓட்டைத் தின்னப் பெருகிய பாக்டீரியா, அதே பொருளாலான புழுமுட்டையின் ஓட்டையும் சேர்த்துத் தின்று…' அவரை ரயிலேற்றிவிட்டேன். அந்தத் தெருவுக்கு யார் வந்தார்கள் அப்போது?)

சிவந்தியே ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் வெள்ளையாக இருந்தது. முடிச்சில்லை. மண்ணில் ஓட்டைத் தேடினாள், அங்கங்கே துணுக்குகள்தான். முகர்ந்து பார்த்தாள். நாற்றம் இல்லை.

பக்கத்துப் பாத்தியில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள், அதே முடிச்சு.

5

முடிவு ஒன்று: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பொய். அந்தத் தெருவில் யாருக்கும் அதற்கு நேரமில்லை.

முடிவு இரண்டு: நிலம் பிழைத்து, பின்னாளில் அவள்…

வேண்டாம். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். காலிக் கூடையோடு தாஹிராவின் வாசலில் நிற்கிறாள் சிவந்தி.

"இன்னாமே, வழி தெரியாம வந்துட்டியா?"

"ஓடு வோணும்க்கா."

"இன்னாது?"

"இறா ஓடு. எல்லாப் பாத்திக்கும்."

தாஹிரா உரிப்பதை நிறுத்தவில்லை. "கலீஜுன்னியே? கொழம்பக்கூடத் திருப்பி அனுப்சியேமே?"

சிவந்திக்காகப் பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவள் வாய்க்குப் பொருந்தவில்லை. நீங்கள் ஒன்று சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ஓடு மண்ணில் மக்க நாளாகும், நாற்று விடும் பருவம் வந்துகொண்டிருக்கிறது, அவள் இன்னும் கூடையோடு நிற்கிறாள்.