புகைக்குப் பத்திரிகை வெச்ச கல்யாணம்

ஊஞ்சவலசுல யாரு புகை விட்டாலும், பொழுது சாய அது அவங்க ஊட்டுக்கே திரும்பி வந்துரும். விட்டவங்கதான் அதுக்கு எடம் குடுக்கோணும். அடுப்புப் புகைக்கு மேல இருக்கற அட்டாலிப் பரணே போதும். டவுன்பஸ் புகை, டிக்கெட் எடுத்தவங்க அத்தன பேரு கூடவும் கொஞ்சங்கொஞ்சமாப் பிரிஞ்சு போகும். இளநி விக்கற கார்வேந்தனோட மொபட் புகை ரொம்ப சாது. செருப்பு உடற எடத்துல சுருண்டு படுத்துக்கும்.

கரிக்கம்பெனி சாமியப்பண்ணனுக்குத்தான் செரமம். குழி குழியாத் தேங்காத்தொட்டியச் சுட்டுக் கரியாக்கறவரு. அந்தப் புகை அவரு பங்களாவுல அடங்குமா? ஊருக்கு இருந்த ஒரே கல்யாண மண்டபத்த வருசம் பூராவும் அதுக்கே வாடகைக்குப் புடிச்சுட்டாரு.

ஊருல கல்யாணமே நின்னு போச்சு. கார்வேந்தனுக்கும் சுகுணாவுக்கும் நிச்சயமாகி ரெண்டு தையி போயிருச்சு.

"கோயில்ல கட்டிக்கறோமுங்க மாமா"ன்னான் கார்வேந்தன்.

"தாலிய எங்க வேணா கட்டுங்க மாப்ள. பந்தி எங்க போடறது, உங்க மொபட்டு மேலயா?"ன்னாரு சுகுணாவோட அப்பா ராக்கியப்பன். "இந்தத் தையிலயும் மண்டபம் இல்லீன்னா, பொண்ண மண்டபம் இருக்கற ஊருல குடுத்துருவேன்."

சுகுணா போன்ல கூப்புட்டா. "என்ன பண்ணப் போறீங்க?"

"அழுகலாம்னு இருக்கேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு பத்திரிகையக் கொண்டுபோயி அந்தப் புகைக்கு வெய்யிங்க. கூப்புட்டா மனசு எளகாமயா போகும்?"

தாம்பாளத்துல வெத்தல பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வெச்சு மண்டபத்துக்கு எடுத்துட்டுப் போனான். புகை மேடையில, பொண்ணு மாப்ள நாற்காலி ரெண்டையும் சேத்து உக்காந்திருந்துச்சு.

"குடும்பத்தோட வந்துரோணுமுங்க."

புகை பத்திரிகையத் தடவிப் பாத்துச்சு. கார்வேந்தனுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. புகைக்கும் வந்துச்சு.

"இத்தன வருசத்துல என்னைய ஒருத்தரும் விசேசத்துக்குக் கூப்புட்டதில்லீங்க தம்பி. மூக்கத்தான் பொத்துவாங்க."

"வருவீங்கல்லங்க?"

"வராமயா? ஆனா விருந்தாளின்னா வெளியிலிருந்துதான வரோணும். உள்ளயே உக்காந்துட்டு எப்புடிங்க வர்றது?" கொஞ்சம் யோசிச்சுச்சு. "முந்தின நாளே மொதலாளி ஊட்டுக்குப் போயிர்றேன். அங்கிருந்து பொறப்பட்டு வர்றதுதான் மொற."

சொன்ன மாதிரியே போயிருச்சு. சாமியப்பண்ணன் மொதத் தடவையா அதுகூட ஒரே கூரைக்குக் கீழ இருந்தாரு. இருமி இருமி வயிறு வலிச்சுது. சோத்துத் தட்டு எங்கிருக்குன்னு கை போட்டுத் தேடுனாரு. கடைசியில தாங்க முடியாம எந்திரிச்சு, "கல்யாணத்துக்குப் போற ஆளு இப்புடியேவா போவே?"ன்னு ஓஸ் பைப்பப் புடிச்சு அதுக்குத் தலைக்கு ஊத்திவிட்டாரு. கருப்பெல்லாம் அண்டாவுல எறங்கிருச்சு. மிச்சம் இருந்தது வெள்ள வேட்டி கட்டுன ஆளாட்டம் லேசா நின்னுச்சு. கார் ஷெட்டுலயே அடங்கிரும் போல.

அன்னைக்கே கொத்தனாருக்குச் சொல்லிவிட்டாரு. ஒவ்வொரு குழிக்கு மேலயும் ஒரு குளிக்கற ரூம். இனிமே குளிக்காத புகை வெளிய கால் வெக்கக் கூடாது.

முகூர்த்தத்தன்னைக்குப் புகை வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சுச்சு. பந்தியில ராக்கியப்பனே கூட நின்னு கவனிச்சாரு. "புகையண்ணன் எலைக்கு இன்னொரு கரண்டி பாயாசம் ஊத்தப்பா. இவரு எடம் உடுலீன்னா நமக்கு ஏது பந்தி."

கார்வேந்தன் புகைகிட்ட வந்தான். கால்ல உழுந்து கும்படலாம்னு குனிஞ்சான். காலத்தான் காணோம். குத்துமதிப்பா அந்தப் பக்கம் பாத்து உழுந்து எந்திரிச்சான். சுகுணாவும் பக்கத்துலயே உழுந்தா.

"நல்லாருங்க"ன்னுச்சு புகை.

மண்டபத்தக் காலி பண்ணி மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் வெளிய வர்றப்ப, வாசல்ல ஊரோரமா ஓடற ஆறு வந்து நின்னுட்டிருந்துச்சு. தொணைக்கு ரெண்டு வாய்க்கா.

"ஆவணியில ஒரு நாளைக்கு மண்டபம் வேணுமுங்க"ன்னு மண்டபத்து மேனேஜரக் கேட்டுச்சு.

"மாப்ள எந்தூரு?"

"கடலுங்க."

மேனேஜர் காலண்டரப் பொரட்டுனாரு. சுகுணா பட்டுச்சேலையக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுட்டு வழி உட்டா.