சுண்டெலி சொன்ன பிழை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஆந்தையைக் கண்டாலே ஆகாது. கண்டது கூட இல்லை. ஆந்தை என்பது இணையத்தில் எவனோ தனக்கு வைத்துக்கொண்ட பெயர். எந்த ஊரோ, என்ன வயதோ. ஆனால் வாரம் தவறாமல் கம்ப்யூட்டர் வழியாக அவர் வீட்டு ஹாலுக்குள் வந்து, அவர் மனைவியைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறான்.

மனைவி ஒரு பேக்கேஜை, அதாவது ஒரு மென்பொருள் தொகுப்பை, பராமரிக்கிறாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம் என்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்று இருக்கிறது. சின்னப் பிரிண்டர்களில் லேபிள் அச்சடிக்கிற மென்பொருள் அதில் ஒழுங்காக ஏறி, ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. பத்து வருடமாகப் பிள்ளை வளர்க்கிற மாதிரி அதை வளர்க்கிறாள். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் என்னென்ன மாறியது என்று எழுதி, பிழை கண்டு சொன்னவருக்கு ஒரு வரி நன்றி போடுவது அங்கே வழக்கம். எப்போது பார்த்தாலும் அந்த வரியில் ஆந்தைதான். கல்யாணமான நாளிலிருந்து காலை டீ போட்டுக் கொடுக்கிற மனிதருக்கு ஒரு நன்றி உண்டா?

"ஆந்தை என்னமா கண்டுபிடிச்சிருக்கார் பாருங்க!" என்பாள். மரியாதை வேறு. கடைக்காரருக்கு வயிறு பற்றி எரியும்.

ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லை. மனைவி அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சுண்டெலி என்று பெயர் சூட்டிக்கொண்டு, அவளுடைய பேக்கேஜில் பிழை இருப்பதாகப் புகார் எழுதினார். இருந்தால்தானே! கண்ணாடிக் கூடுகளுக்கான லேபிள்கள் அவர் கண்ணெதிரே அழகாக அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. நீளமான லேபிளில் கடைசி வரி சில சமயம் காணாமல் போகிறது என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். பிழை எவ்வளவு தீவிரமானது என்று புகார்ப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. சின்னது என்றால் யார் மதிப்பார்கள்? இருப்பதிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்தார்.

சாயங்காலமே அவளிடமிருந்து பதில் வந்துவிட்டது. இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு மிக்க நன்றி, காகிதம் எவ்வளவு அகலம், பிரிண்டர் என்ன மாடல் என்று கேட்டிருந்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அளந்து அளந்து பதில் எழுதினார். அவள் மறுபடி கேட்டாள், அவர் மறுபடி எழுதினார்.

நாலைந்து நாள் கழித்துச் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "இந்தச் சுண்டெலி எவ்ளோ பொறுமையான மனுஷன் தெரியுமா? ஒண்ணு கேட்டா ஒன்பது சொல்றார். உங்ககிட்ட ஏதாவது கேட்டா 'ம்'னு ஒரு சத்தம்தான் வருது."

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்தவன் பெண்டாட்டியிடம் இப்படி வழிகிறவன் யார்? தான்தான் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்த பிறகும் கோபம் தணியவில்லை.

மறுவாரம் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"என் பேக்கேஜைத் தூக்கப் போறாங்க."

"எதுக்கு?"

"சிஸ்டத்தோட அடுத்த ரிலீஸ் வருதில்ல? இவ்ளோ தீவிரமான பிழை இருந்தா உள்ள விடமாட்டாங்க. அதான் விதி. எனக்கோ அந்தப் பிழை வரவே மாட்டேங்குது. வராததை எப்படிச் சரிபண்றது? ஆந்தையும் தூங்காம தேடிட்டிருக்கார்."

"அந்தச் சுண்டெலி தப்பா பார்த்திருப்பான். தூக்கிப் போடும்மா."

"அவர் அப்படி அரைகுறையா பார்க்கிற ஆள் இல்லீங்க."

மறுநாள் சுண்டெலியே எழுதினான்: தவறு என்னுடையது, பிழை எதுவும் இல்லை, புகாரை முடித்துவிடுங்கள். அவள் கேட்டால்தானே! "பாவம், நான் திண்டாடுறதைப் பார்த்து விட்டுக்கொடுக்கிறார். அதுக்காக நான் கண்ணை மூடிக்க முடியுமா?" என்று இன்னும் மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள். சாப்பிட எழுந்திருக்கவில்லை. கண்கள் சிவந்துவிட்டன. பத்து வருட உழைப்பில் நாமே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று கடைக்காரருக்கு உறுத்தியது.

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"சுண்டெலி நான்தாம்மா."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"பிழையே கிடையாது. நானாக் கிளப்பிவிட்டது. அந்த ஆந்தைக்கு மட்டும் நன்றி சொல்லிட்டே இருக்கியேன்னு... தாங்க முடியல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார். அவள் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய் அவரையே பார்த்தாள்.

"அப்போ ஆந்தை?"

"ஆந்தைக்கென்ன?"

"அதுவும் நீங்கதானா?"

"ஐயோ, சத்தியமா இல்ல."

"நல்ல வேளை," என்று நீளமாக மூச்சு விட்டாள். திரையின் பக்கம் திரும்பி, புகாரை முடித்துவைத்தாள். பிறகு நடந்ததையெல்லாம் ஆந்தைக்கு எழுத ஆரம்பித்தாள். எழுத எழுத அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.