யாரும் சாகாத முகாம்

நான்காம் முகாமில் பதினோரு வாரமாக ஒருவர்கூட இறக்கவில்லை.

வெள்ளத்தில் ஊர் இழந்தவர்களுக்காக அமைத்த ஆறு முகாம்களிலிருந்து வாராவாரம் வரும் எண்களைச் சேர்த்து ஒரே அறிக்கையாக்குவது அவள் வேலை. பதவியின் பெயர்தான் நீளம்: மனிதநேய விவகாரங்களுக்கான இளநிலை அதிகாரி. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'செக்கர் பொண்ணு'. அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்று முதல் வாரமே வாய்விட்டுச் சொன்னது வினையாகிவிட்டது. மகள் பல் தேய்த்துவிட்டேன் என்றால் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறவர் அவர். அந்தக் குணம் மகளுக்கும் அப்படியே வாய்த்திருந்தது.

முகாமில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். பிறப்பு பத்தொன்பது. இறப்புக் கட்டத்தில் மட்டும் வரிசையாகப் பூஜ்யம். அதில் பாதி அளவுள்ள முகாம்களில்கூட நாலைந்து பேர் இறந்திருந்தார்கள். தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத் தலைவியிடம் போனாள்.

"யாரும் சாகலைன்னா சந்தோஷம்தானே படணும்?" என்றார் தலைவி.

"எழுபதைத் தாண்டினவங்களே நூறு பேருக்கு மேல இருக்காங்க மேடம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைங்கறது இடிக்குது. செத்தவங்க பேர்ல அரிசி வாங்கி யாரோ வித்துக்கிட்டிருக்காங்க."

"நினைப்பையெல்லாம் அறிக்கையில எழுத முடியாது. நேர்ல போய்ப் பாரு. வர்றேன்னு முன்கூட்டிச் சொல்லாதே."

மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் கிளம்பினாள். ஆனால் வண்டி முகாமுக்குள் நுழைந்தபோது, தேய்த்த சட்டையும் கையில் டீயுமாக முகாம் பொறுப்பாளர் வாசலிலேயே நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதால் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் திரும்பி டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மூடிப்போன நூல் மில் ஒன்றில்தான் முகாம் இருந்தது. இயந்திரங்கள் நின்ற கூடங்களைத் தார்ப்பாயால் தடுத்து அறை அறையாக்கி, சுண்ணாம்பால் வரிசை எண் போட்டிருந்தார்கள். வாத்தியார் பதிவேட்டை விரித்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அடித்தல் திருத்தல் எங்கும் இல்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

"எழுபது வயசுக்கு மேல உள்ளவங்கள்ல அஞ்சு பேரை நான் பாக்கணும்" என்று தானே ஐந்து பெயர்களைத் தொட்டுக் காட்டினாள்.

"தாராளமா. நானும் கூட வர்றேன்."

"நான் தனியாவே போய்க்கறேனே சார்."

"வழி தெரியாம சுத்துவீங்க" என்று சிரித்தபடியே வாத்தியார் முன்னால் நடந்தார்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் போர்வைக்குள் படுத்து இருமிக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த கட்டை விரலில் மஞ்சள் துணியால் கட்டுப் போட்டிருந்தது. பெயரை டிக் செய்தாள். ஏழாம் வரிசைக்குப் போகும் வழியில் குழாய், கழிப்பறை, பால்வாடி எல்லாவற்றையும் வாத்தியார் நிதானமாக நின்று காட்டினார். ஏழாம் வரிசையில் இன்னொரு பெரியவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு மட்டும் துருத்தி போல ஏறி இறங்கியது. மஞ்சள் கட்டு போட்ட கட்டை விரல் தலையணை மேல் இருந்தது.

அவள் குனிந்தாள். "ஐயா, இந்த வயசுல இவ்வளவு வேகமா ஓடலாமா? நெஞ்சு அடைச்சுக்கப் போகுது."

பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஓடுன்னு சொன்னாங்கம்மா, ஓடினேன்" என்றார். வாசலில் கூடியிருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியில் அவள் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"எத்தனை பேர் சார்?"

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் கையிலிருந்த பேனாவையே எல்லோரும் பார்த்தார்கள். தான் அவர்களைச் சந்தேகமாகப் பார்த்த பார்வைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"எழுதியாச்சா?" என்றாள் கழுத்தில் அளவு டேப் தொங்க நின்ற ஒருத்தி. முகாமில் துணி தைப்பவள். "எத்தனை ரேஷன் கார்டை வெட்டப் போறீங்க?"

அவள் பதிவேட்டை வாங்கிக்கொண்டு, வாத்தியாரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக நடந்தாள். இந்த முறை வயதைப் பார்க்காமல் கண்ணில் பட்ட பெயர்களைக் கேட்டாள். முன்வரிசைகளில் எல்லோரும் இருந்தார்கள். பதினைந்தாம் வரிசையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இல்லை. "டவுனுக்கு வேலைக்குப் போயிருக்கா" என்றார்கள். பதினாறில் நாலு வயதுப் பையன் இல்லை. "சொந்தக்காரங்க வீட்டுல இருக்கான்." பதினேழிலும் இரண்டு பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். சொன்னவர்கள் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த மூன்று வரிசைகளுக்கும் பின்னால் மில்லின் பழைய கிணறு இருந்தது. அதையடுத்து ஒரு கொடி நெடுக ஈரப் படுக்கை விரிப்புகள். நாற்பதுக்குக் குறையாது. ஒரே காலையில் இத்தனை விரிப்புகளை யார் துவைப்பார்கள்? ஒரு தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து யாரோ குமட்டும் சத்தம் கேட்டது. ஒரு பெண் அவசரமாக ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

அரிசியை யார் தின்றார்கள் என்றே அவள் காலையிலிருந்து யோசித்திருக்கிறாள். இவர்கள் எதனால் செத்தார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

தையல்காரியைத் தேடிப் போனாள். பதினைந்தாம் வரிசை அறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எனக்குப் பேர் வேண்டாம். எப்படி ஆரம்பிச்சுது, எத்தனை நாள் இருந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"என்ன ஆரம்பிச்சுது? இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

"அந்த விரிப்பெல்லாம் எதுக்கு?"

"வெயில் நல்லா அடிக்குதேன்னு துவைச்சோம்." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவள் வெளியே வந்து தலைவிக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லி, கார்டை வெட்டமாட்டோம் என்று வாக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

"அந்த அதிகாரம் உனக்கு இல்ல. எனக்கும் இல்ல" என்றார் தலைவி. "அடுத்த கணக்கெடுப்புக்கு ஒரு மாசம் இருக்கு. அதுவரைக்கும் நோயாளிங்க எண்ணிக்கையை மட்டும் மேல அனுப்பறேன், பேரை அனுப்பமாட்டேன். என்னால அவ்வளவுதான் முடியும். டாக்டரை இப்பவே அனுப்பறேன்."

திரும்பிப் போய் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசம் கார்டு வெட்டமாட்டாங்க. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுக்கா. என்னால சொல்ல முடியாது."

மெஷின் நின்றது. தையல்காரி முதல்முறையாக அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் 'எப்பவும் வெட்டமாட்டோம்'னுதான் சொன்னாங்க. ரெண்டாம் முகாம்ல செத்த அன்னைக்கே வெட்டினாங்க." துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "என் நாத்தனார்தான். மூணு நாள் தண்ணியாப் போச்சு. நாலாம் நாள் கண்ணு உள்ள போயிடுச்சு. பின்சுவரு ஓரமாப் புதைச்சோம். அவ பொண்ணுகிட்ட அம்மா வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். என் அண்ணன் பிள்ளைங்க ரெண்டு பேரும் பதிவு முடிஞ்சப்புறம்தான் வந்துச்சுங்க. அதுங்களுக்குக் கார்டே இல்ல. செத்தவ பங்கைத்தான் சாப்பிடுதுங்க."

அதற்குப் பிறகு அவளே எழுந்து அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். மொத்தம் ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். மூன்று பேர் வயதாகி. மற்ற ஆறு பேரும் பேதியில், கடைசி இரண்டு வாரத்துக்குள். தார்ப்பாய்களுக்குப் பின்னால் இன்னும் முப்பத்தொரு பேர் நோயோடு ஒளிந்து கிடந்தார்கள். நோயாளி என்று எழுதினாலே அடுத்து கார்டு போகும் என்ற பயம்.

மதியத்துக்குள் டாக்டர் வந்தார். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று அதற்குச் சங்கிலி போட்டார்கள், லாரியில் தண்ணீர் வந்தது, பால்வாடியே ஆஸ்பத்திரியானது. தேய்த்த சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாத்தியார் சலைன் பாட்டில்களைச் சுமந்தார். முப்பத்தொரு பேரில் இரண்டு பேரைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் சாயங்காலம்.

"உங்களை எப்படிம்மா நம்பறது?" என்றார் வாத்தியார்.

பெரும்பாலான அரிசி கார்டு இல்லாதவர்களுக்குத்தான் போயிருந்தது. இரண்டு மூட்டைக்கு மட்டும் அவரிடம் கடைசிவரை பதில் இல்லை. அதை அவள் எழுதிக்கொடுத்தாள். விசாரணை இன்னும் நடக்கிறது.

ஒரு மாதம் கழித்துக் கணக்கெடுப்பு நடந்தது. கார்டு இல்லாமல் வந்து தங்கியிருந்த நாற்பத்தொரு பேருக்காக மூன்று கடிதம் எழுதி, இரண்டு கூட்டத்தில் திட்டு வாங்கினாள். இருபத்தேழு பேருக்குக் கிடைத்தது. தையல்காரியின் அண்ணன் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் வந்தது. இறந்த பதினொருவர் பெயர்களும் அடிக்கப்பட்டன.

தையல்காரி நாத்தனார் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தாள். ஒரு பெயர் அடித்து ஒரு பெயர் சேர்த்த கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க சொன்ன மாசம் முடிஞ்சுது."

"ஆமாக்கா."

"சின்னவனுக்கு இல்லையா?"

"இல்லக்கா. மறுபடி எழுதியிருக்கேன். கிடைக்குமான்னு தெரியல."

தையல்காரி தலையாட்டினாள். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. கைநாட்டு வைத்துவிட்டு நகரப் போனாள்.

"குழந்தைக்கு வயிறு எப்படி இருக்கு?" என்று இவள் கேட்டாள்.

தையல்காரி நின்றாள். மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் யாரோ சீக்கிரம் நகரச் சொன்னார்கள். அவள் நகரவில்லை.

"நேத்திலிருந்து ரெண்டு தடவை தண்ணியாப் போனா" என்றாள் மெதுவாக. "பெரிசா ஒண்ணும் இல்ல. இருந்தாலும் டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடலாம்னு பாக்கறேன்."