தையல்காரர் அளந்து வாங்கிய பைக்

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஊரார் இடுப்பைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார். தன் உயரத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் அவரைவிட ஒரு தலை உயரம். வெளியே கிளம்பினால் அவர் குதிகால் உயர்ந்த ஷூ போடுவார், நான் கொஞ்சம் குனிந்து நடப்பேன். அதுதான் எங்கள் குடும்ப ஒப்பந்தம்.

தினமும் என்னை வேலைக்கு ஆஸ்பத்திரி லேபில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போக ஒரு பைக் வாங்கப் போனோம். ஷோரூமில் எஞ்சினை மூடாமல் வெளியே காட்டிக்கொண்டு இரண்டு நின்றன. சிவப்பு தாழ்வானது. கைப்பிடி கைக்கு எட்டும், கால்மிதியில் முழங்கால் மடங்காது, பின்சீட்டும் தாராளம். கறுப்போ குதிரை உயரம். கைப்பிடி எங்கோ முன்னால், கால்மிதி எங்கோ பின்னால், பின்சீட்டு உள்ளங்கை அகலம்.

இவர் டேப்பை உருவி இரண்டையும் அளந்தார். பிறகு தன் காலையும் அளந்தார், பேண்ட்டுக்கு அளப்பது போலவே ஷூவோடு. விற்பனைப் பெண் பாவம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உங்களுக்கு சிவப்புதான் சார் செட் ஆகும்" என்றாள். கறுப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் உட்காரப் போகிறவளை அளக்காமலே தைத்துக் கொடுத்த தையல்காரரை அன்றுதான் பார்த்தேன்.

கடைக்கு மட்டும் அவர் செருப்பில்தான் போவார். மிஷின் மிதிக்க ஷூ ஆகாது. மறுநாளே, முதல் சிக்னலில் செருப்புக்கால் தரையைத் தேடித் தேடிக் கிடைக்காமல் வண்டி சாய்ந்தது. நான் குதித்துப் பிடித்தேன். ரோடு சரியில்லை என்றார். அடுத்த சிக்னலில் காற்று சரியில்லை. ஒரு வாரம் குதித்ததில் எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. என்றைக்காவது பின்னால் வரும் லாரி எங்கள் கணக்கை முடித்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

"இறங்குங்க" என்றேன்.

கல்யாணத்துக்கு முன் அப்பாவின் கியர் வண்டியை ஓட்டியவள் நான். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. கைப்பிடி எட்டிய இடத்தில் இருந்தது. குனியவே வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தில் ஹாரனை ஒரு தடவை அடித்தும் பார்த்தேன்.

அவர் பின்னால் ஏறினார். இரண்டு தெரு தாண்டியதும் மெதுவாக, "இந்த சீட்டுல மனுஷன் உக்கார முடியுமா? கொஞ்சம் முன்னால தள்ளிக்கோயேன்" என்றார்.

"டேப் கழுத்துலதானே கெடக்கு, அளந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினேன்.