படுத்திருந்த படகு

அம்மாவின் கைக்கு அடியிலிருந்து காகிதத்தை அவள் உருவியபோது பேனா நழுவி, முதல் எழுத்தின் கால் மட்டும் நீண்டு தாளின் ஓரம்வரை ஓடியது.

"ஏம்மா, பெரியவங்க கையெழுத்துப் போடும்போது இப்படியா பிடுங்குறது?" என்றார் கம்பெனி ஆள்.

"படிச்சுப் பாத்துட்டுத் தரேன்."

"அதெல்லாம் படிச்சுக் காட்டியாச்சு."

"யாருக்கு? எங்கம்மா காதுல இப்ப என்ன விழும்னு நெனைக்கிறீங்க?"

இரண்டடி தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா இருந்தார். பெட்டியின் மோட்டார் நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு முறை நின்றபோதும் பெண்கள் பக்கம் அழுகை கொஞ்சம் கூடியது, அது மறுபடி ஓடத் தொடங்கியதும் குறைந்தது.

முந்தாநாள் ராத்திரி முகத்துவாரத்துக்கு வெளியே நின்றிருந்த அப்பாவின் மீன்பிடிப் படகின் நடுவயிற்றில் மணல் ஏற்றிப் போகும் கம்பெனிக் கப்பல் ஏறிப் போனது. படகில் இருந்தது இரண்டே பேர். அண்ணனைப் பக்கத்துப் படகுக்காரர் தூக்கிவிட்டார்; அவன் இடது கை மூன்று இடத்தில் முறிந்திருந்தது. அப்பா நேற்று மத்தியானம்தான் கிடைத்தார். இன்று காலை பத்து மணிக்கு அவர் வீடு வந்து சேர்ந்தார், பதினொன்றரைக்குக் காகிதமும் வந்துவிட்டது. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்னும் பஸ்கூட ஏறியிருக்கவில்லை.

காகிதத்தோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இந்தக் கம்பெனி ஆள். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தவர். இன்னொருவர் துறைமுக அலுவலக எழுத்தர். கடலே பார்க்காத மேட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் இருந்த பதிவேட்டின்மேல் வியர்வை சொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சத்தமாகவே படித்தாள். "'சம்பவ நேரத்தில் படகிலிருந்த இருவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். படகு நங்கூரமின்றி மிதந்திருக்கலாம். விளக்கு எரிந்ததற்குச் சாட்சி இல்லை. ஆகவே மோதலுக்கு மேற்படி படகை நடத்தியவரே பொறுப்பு என்பதைக் குடும்பத்தாராகிய நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.'"

மேற்படி படகை நடத்தியவர் பெட்டிக்குள் வாயை மூடிக்கொண்டு கிடந்தார்.

"டிகிரி, சும்மா இரு" என்றார் பெரிய மாமா. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. பாராட்ட வேண்டுமென்றாலும் டிகிரி, வாயை அடைக்க வேண்டுமென்றாலும் டிகிரி. "கையெழுத்தப் போட்டு அனுப்பு. நடக்க வேண்டியதப் பாப்போம். போனவரு திரும்பி வரப்போறாரா?"

"வரமாட்டாரு மாமா. அந்த தைரியத்துலதான் அவர் தலையில எழுதிக் கொண்டாந்திருக்காங்க."

"ஒரு வரிதானேம்மா?"

"அந்த ஒரு வரியில அப்பா தன்னைத்தானே கொன்னவராயிடுவாரு. அண்ணனோட படகு உரிமமும் போயிடும். அப்புறம் அவன் என்ன, கரையில நின்னு காத்து வாங்கறதா?"

அம்மா பேனாவை இன்னும் அதே இடத்தில் பிடித்திருந்தாள். காகிதம் இல்லாத முழங்காலில் அதன் முனை குத்திக்கொண்டிருந்தது.

விளக்குச் சமாசாரம் அவளுக்குப் புதிதல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பா உரிமத் தேர்வுக்குப் போக வேண்டியிருந்தது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. வாய்மொழித் தேர்வுதான் என்றாலும் விதிப்புத்தகத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டுமே. அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி அவள் வாசிப்பாள், அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். நங்கூரம் போட்டு நிற்கும் படகில் நாலா பக்கமும் தெரியும்படி ஒரு வெள்ளை விளக்கு மாட்ட வேண்டும். ஓடிவரும் கப்பல் கண் வைத்துப் பார்த்து ஒதுங்க வேண்டும். மூன்று நாள் வாசித்த பிறகு அப்பா சொன்னார்: "நிக்கிறவனுக்கு விளக்கு, வர்றவனுக்குக் கண்ணு. இதுக்கு எதுக்குடி இவ்வளவு தடிப் புஸ்தகம்?" தேர்வில் ஒரு கேள்வி விடாமல் சொல்லிவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனுஷன் விளக்கு மாட்டவில்லையாம்.

"யார் சொன்னா ரெண்டு பேரும் தூங்கினாங்கன்னு?" என்று எழுத்தரைக் கேட்டாள்.

"உங்க அண்ணன் வாக்குமூலம்தாம்மா. நேத்து விடியக்காலையில ஆஸ்பத்திரியில வெச்சு நானே எழுதினேன்."

அண்ணன் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாவுக்கட்டுப் போட்ட கையை ஏதோ அடுத்தவன் பொருளைப் போல மடியில் வைத்திருந்தான்.

"அண்ணா, நீயா சொன்ன?"

அவன் தலையைத் தூக்கவில்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அவள் கையிலிருந்த காகிதம் தாழ்ந்தது. கம்பெனி ஆள் அதைப் பார்த்துவிட்டார்.

"பெத்த புள்ளையே சொல்லியாச்சு. நீங்க அங்க இருந்தீங்களா? இல்லல்ல?"

"நான் இல்ல. இருந்தவங்க இருக்காங்க."

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே ஆண்களோடு நின்றிருந்தவர்தான் அன்றைக்கு அண்ணனைத் தண்ணீரிலிருந்து தூக்கிய பக்கத்துப் படகுக்காரர். ஊருக்கு அவர் 'ரேடியோ'. காலையில் திறந்தால் ராத்திரிதான் நிற்பார். அப்பாவுக்குத் தம்பி முறை. ஆனால் அவருடைய இன்னொரு படகு கம்பெனிக் கப்பல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. காலையிலிருந்து அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"சித்தப்பா, எங்க விளக்கு எரிஞ்சுதா, இல்லையா?"

ரேடியோ தோள்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நமக்கு என்னம்மா தெரியும்... இருட்டு..."

"இருட்டுலதானே சித்தப்பா விளக்கு தெரியும்? எரியலைன்னா எரியலைன்னு சொல்லுங்க. நானே எங்கம்மா கையப் புடிச்சு கையெழுத்துப் போட வைக்கிறேன்."

ரேடியோ கம்பெனி ஆளைப் பார்த்தார். கம்பெனி ஆள் ரேடியோவின் கால் பெருவிரலைப் பார்த்தார். பெட்டி மோட்டார் நின்றது. அந்த அமைதியில் பெண்கள் பக்கமிருந்து ரேடியோவின் மனைவி எழுந்தாள்.

"வீட்டுல ராப்பகலா என் காதத் திங்கிறியே, இங்க ஒரு வார்த்தை பேசினா பல்லு சுளுக்கிக்குமா? சொல்லித் தொலையேன்யா!"

யாரோ மூக்கால் சிரித்து அதை இருமலாக்கினார்கள். ரேடியோ துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"எரிஞ்சுது" என்றார். "அண்ணன் விளக்கு எரியாம எப்ப இருந்துருக்கு? நான் வரும்போது பன்னண்டு இருக்கும். வெள்ளையா, ஆடாம எரிஞ்சுது. அதப் பாத்துத்தான் தூரம் கணக்குப் பண்ணி நானும் படுத்தேன். முன்னாடி படுத்தவனுக்கு இடம் விட்டுத்தானே பின்னாடி வர்றவன் படுக்கணும்? எழுதிக்குங்க சார். தண்ணிப் படகு வாடகை போனாப் போகுது மயிரு."

"சாவு வீட்டுல என்ன வார்த்தைய்யா இது?" என்றாள் மனைவி. ஆனால் திருப்தியோடு உட்கார்ந்தாள்.

எழுத்தர் வேகமாக எழுதினார். அவள் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். தாளில் இருந்தது: 'விளக்கைப் பார்த்துவிட்டு நானும் உறங்கிவிட்டேன். முன்னால் உறங்கியவருக்கு இடம் விட்டே பின்னால் வருபவர் உறங்க வேண்டும்.'

"என்ன சார் இது?"

"அவர் சொன்னதுதாம்மா."

"முன்னாடி தூங்குறவனுக்கு இடம் விட்டு இவர் தூங்கினாராம். இது என்ன கடலா, ஆஸ்பத்திரி வார்டா?"

இந்த முறை யாரும் இருமலாக்கவில்லை. வாசலில் நின்றிருந்த படகுக்காரர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை, கோபம் வந்துவிட்டது.

"யோவ் சார், நான் எங்கய்யா தூங்கினேன்? அந்தக் கப்பல் வர்ற வரைக்கும் வலை தைச்சுட்டு இருந்தேன்!"

"நீங்கதானே படுத்தேன்னு..."

"படகு படுத்துச்சுய்யா! நங்கூரத்தப் போட்டுக் கயித்த இறுக்கிட்டா படகு படுத்துரும். இது தெரியாமயா துறைமுகத்துல உக்காந்து எழுதுறீரு?"

எழுத்தரின் பேனா அந்தரத்தில் நின்றது. அவள் அண்ணன் முன்னால் போய்க் குந்தினாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அப்படித்தான் குந்த வேண்டியிருந்தது.

"நேத்து இவர்கிட்ட என்ன சொன்ன? என்ன வார்த்தை சொன்னியோ அதையே சொல்லு."

"விளக்க மாட்டிட்டுப் படுத்துட்டோம்னேன்."

எழுத்தர் பதிவேட்டைப் பின்னால் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அவர் காது மடல்கள் சிவந்துபோயின. "நங்கூரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று தனக்குள் போலச் சொன்னார். படுத்தோம் என்ற பிறகு நங்கூரம் என்று இங்கே யார் தனியாகச் சொல்கிறார்கள்? விதிப்புத்தகம்தான் சொல்லும்.

கம்பெனி ஆள் லேசுப்பட்டவர் இல்லை. நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டார். "சரிப்பா. படகுதான் படுத்துச்சு, ஒத்துக்கறேன். நீ? நீ முழிச்சிருந்தியா?"

ஒரே ஒரு 'ஆமா' போதும். பொய் என்று சொல்ல உயிரோடு ஆள் இல்லை. வாசலில் நின்ற அத்தனை பேரும் அந்த 'ஆமா'வுக்காகக் காத்திருந்தார்கள். அவளும்தான் காத்திருந்தாள், பின்னாளில் மறுக்க மாட்டாள்.

"தூங்கிட்டேன்" என்றான் அண்ணன். "அப்பாதான் முழிச்சிருந்தாரு. என்னை எட்டி உதைச்சு வெளிய தள்ளினாரு. முழிச்சப்ப தண்ணிக்குள்ள இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். அம்மாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை.

"பாத்தீங்களா..." என்று தொடங்கினார் கம்பெனி ஆள்.

"எழுதுங்க சார்" என்றாள் அவள், எழுத்தரிடம். "மகன் தூங்கினான்னு எழுதுங்க. நாங்க ஒண்ணையும் ஒளிக்கல. நங்கூரம் போட்டு, விளக்கு மாட்டி, ஒருத்தர் முழிச்சிருக்க ஒருத்தன் தூங்கினான். பகல் பூரா வலை இழுத்தவன் தூங்காம, பின்ன ஆடவா செய்வான்? நின்ன இடத்துல நின்னவன் மேல ஏறிட்டு, நீ ஏன்டா தூங்கினன்னு கேக்க வந்துட்டீங்க. உங்க கப்பல ஓட்டினவன் முழிச்சிருந்தானா? அத எந்தத் தாள்ல எழுதியிருக்கீங்க? காட்டுங்க."

"அது... கம்பெனி விசாரணை தனியா நடக்குதும்மா."

"அது முடியட்டும். எழவு வீட்டுல உக்காந்து எழுதிக் குடுக்கற அவசரம் எங்களுக்கு இல்ல."

"இதோட இது முடியாது, தெரிஞ்சுக்க."

"முடியக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவு பேச்சும்."

கம்பெனி ஆள் எழுந்தபோது வழிவிட யாருக்கும் அவசரமில்லை. பக்கவாட்டில் திரும்பித் திரும்பித்தான் வாசலைத் தாண்டினார்.

எழுத்தர் போகவில்லை. கைக்குட்டையை முழங்காலில் விரித்து, புதுத் தாள் எடுத்து, ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். 'படுத்தல்' என்று வந்த இடத்தில் நிறுத்தி, அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'நங்கூரமிட்டு நின்றது' என்று எழுதினார். ரேடியோ தன் பங்குக்கு ஒன்றரைப் பக்கம் சொன்னார். அவரை நிறுத்துவதற்கு மனைவி இரண்டாம் முறை எழ வேண்டியிருந்தது. கடைசியில் தாள் அம்மாவிடம் வந்தது.

காலையிலிருந்து அம்மா பேசிய முதல் வார்த்தை அதுதான்: "இதுல அவர என்னன்னு எழுதியிருக்கு?"

"விளக்கு மாட்டியிருந்தாருன்னு."

அம்மா கையெழுத்துப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த ஐந்து எழுத்தையும், ஒன்றையொன்று இடிக்காமல் இடம் விட்டு விட்டு.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வீடு கழுவிய ஈரம் காயவில்லை. பெட்டி இருந்த இடம் பெரிதாகத் தெரிந்தது. அண்ணன் சுவரோரப் பெஞ்சில் சரிந்து, வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தான். மாவுக்கட்டுக் கை கீழே தொங்கியது. அவள் ஒரு முக்காலியை இழுத்து வந்து அதன்மேல் தலையணையை வைத்து, கையைத் தூக்கி மெதுவாக வைத்தாள். அவன் அசையவில்லை.

இரண்டு பஸ் மாறி வந்த அப்பாவின் அத்தை மகன் அப்போதுதான் வாசலில் நின்றார். கையில் பை, தலையில் தூசி. எடுக்கும்முன் வந்து சேரவில்லையே என்ற அழுகை முகத்தில் தயாராக இருந்தது.

"பையன் எங்கம்மா?"

"தூங்குறான்" என்றாள் அவள். வாசலில் நின்றவர்கள், தெருவில் போனவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பெஞ்சைக் கடக்கும்வரை நுனிக்காலால் நடந்து போனார்.